பேனை என்ன விலை?

"ஒரு கொப்பியும் ஒரு பேனையும் சேர்த்து 110 ரூபா. கொப்பி, பேனையை விட 100 ரூபா கூட. பேனை என்ன விலை?"

மாத்தளை நகரில் ஒரு நிதி நிறுவனத்தின் நேர்முகப் பரீட்சையில் என் அக்கா மகளிடம் கேட்ட கேள்வி இது. கணக்கு உதவியாளர் வேலை. உயர்தரத்தில் கணக்கீட்டுப் பாடத்தில் ஏ எடுத்த பிள்ளை. சான்றிதழ்க் கோப்பை மடியில் வைத்தபடி, கேட்டவர் வாயை மூடுவதற்குள் பதில் சொல்லியிருக்கிறாள்.

"பத்து ரூபான்னு சொல்லிட்டேன் மாமா. அவங்க ஒண்ணுமே பேசல, குனிஞ்சு எழுதிக்கிட்டாங்க. ரத்தோட்ட பஸ்ல ஏறி உக்காந்து, கண்டக்டர் மிச்சக் காச கையில வச்சாரு பாருங்க, அப்பத்தான் வெளங்குச்சு. அஞ்சு ரூபா!"

அவள் சொன்னது சரிதான். பேனை 10 ரூபா என்றால், அதை விட 100 ரூபா கூடிய கொப்பி 110 ரூபா. இரண்டும் சேர்ந்தால் 120 ஆகிவிடும். பேனை 5, கொப்பி 105 என்றால்தான் கூட்டுத்தொகை பொருந்தும். சமன்பாடு எதுவும் தேவையில்லை. கொப்பிக்குக் கூடுதலாக உள்ள 100 ரூபாவை முதலில் எடுத்து ஓரமாக வையுங்கள். மிச்சம் 10. அந்தக் கூடுதல் போய்விட்டால் கொப்பியும் பேனையும் ஒரே விலைதானே? ஆகவே பத்தை இரண்டாகப் பிரித்தால் ஆளுக்கு ஐந்து.

ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூட விளங்கக்கூடிய இந்தக் கணக்கில் ஏ எடுத்தவள் ஏன் விழுந்தாள்? அவள் மட்டுமல்ல, முதல் தடவை கேட்டபோது நானும் பத்து என்றுதான் சொன்னேன். அவளாவது பஸ்ஸில் ஏறியதும் அதைத் திரும்பிப் பார்த்தாள், நான் அதுவுமில்லை.

கேள்வி பழையது. கொப்பிக்கும் பேனைக்கும் பதிலாக மட்டையும் பந்தும், ரூபாவுக்குப் பதிலாக டொலரும் சதமும் என்று வைத்து, அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் அப்போது பேராசிரியராக இருந்த ஷேன் ஃப்ரெடரிக் 2005ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரையில் இது பிரபலமானது. இதைப் போன்ற மூன்றே மூன்று கேள்விகள் கொண்ட சோதனை அவருடையது. தமிழில் அதை 'மறுயோசனைச் சோதனை' என்று சொல்லலாம். மனதில் முதலில் வந்த பதிலை ஒருவர் நிறுத்தி வைத்து, இன்னொரு தடவை பார்க்கிறாரா என்பதைத்தான் அது அளக்கிறது. 3,428 பேர் எழுதினார்கள், பெரும்பாலோர் பல்கலைக்கழக மாணவர்கள். நூற்றுக்கு 33 பேர் மூன்றிலும் தவறினார்கள். மூன்றும் சரியாகச் செய்தவர்கள் நூற்றுக்கு 17 பேர்தான்.

எனக்குப் பிடித்தது அந்த எண்ணிக்கைகளை விட, விடைத்தாள்களின் ஓரத்தில் அவர் கண்ட கிறுக்கல்கள். பல தாள்களில் 10 என்று எழுதி, அதை வெட்டி, பக்கத்தில் 5 என்று எழுதியிருந்தார்களாம். 5 என்று எழுதி வெட்டிவிட்டு 10 எழுதிய தாள் ஒன்றுகூட இல்லை. அப்படியானால் சரியாகச் சொன்னவர்களில் பலருக்கும் முதலில் வந்தது தவறான பதில்தான். கெட்டிக்காரருக்கு ஐந்து, மற்றவருக்குப் பத்து என்று தலையில் எழுதி வைத்திருக்கவில்லை. பத்து எல்லோருக்கும் வருகிறது. சிலர் அதை வெட்டுகிறார்கள், அவ்வளவுதான்.

இன்னொன்றையும் அவர் கவனித்தார். எண்களைக் கொஞ்சம் கோணலாக்கினால் பிழை குறைகிறது. "கொப்பியும் பேனையும் 187 ரூபா, கொப்பி 93 ரூபா கூட" என்று கேட்டிருந்தால் அக்கா மகள் உடனே எதுவும் சொல்லியிருக்க மாட்டாள். பேனையை எடுத்துக் கணக்குப் போட்டு 47 என்றிருப்பாள். கணக்கு கடினமானது, ஆனால் பொறி இல்லை. 110, 100 என்ற எண்கள் ஒன்றிலிருந்து ஒன்று வழுக்கிக்கொண்டு கழிவதில்தான் பொறி இருக்கிறது.

2002ஆம் ஆண்டு பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற உளவியலாளர் டானியல் கானமன் இதற்குச் சொன்ன விளக்கம் பலருக்குத் தெரிந்திருக்கும். யோசனை இரண்டு விதமாக நடக்கிறது: ஒன்று சட்டென்று வருவது, மற்றது ஆற அமர வருவது. வீட்டு வாசலில் விளையாடும் சின்னப் பிள்ளையை நினைத்துக்கொள்ளுங்கள். யார் வந்து எதைக் கேட்டாலும் பிள்ளை ஒரு பதில் சொல்லிவிடும். "அப்பா கடைக்குப் போயிருக்காரு" என்று சொல்ல அதற்கு அரை விநாடி போதும். உள்ளே ஈஸி செயாரில் சாய்ந்திருக்கும் தாத்தாவுக்கு உண்மை தெரியும், ஆனால் எழுந்து வர அவருக்குச் சோம்பல். பிள்ளை தடுமாறினால்தான் அவர் எழுந்து வருவார். கொப்பி-பேனைக் கேள்வியில் பிள்ளை தடுமாறவே இல்லை. இன்னும் சொன்னால், கேட்ட கேள்வியை விட்டுவிட்டு அதைப் போன்ற எளிய கேள்வி ஒன்றுக்குப் பதில் சொல்லிவிட்டது. "கொப்பி 100 ரூபா, மொத்தம் 110, பேனை என்ன விலை?" என்பதுதான் அதன் காதில் விழுந்தது. 'விட', 'கூட' இரண்டும் வழியில் உதிர்ந்துவிட்டன. இதைக் 'கேள்வி மாற்றம்' என்று சொல்லலாம். மூளைக்குள் பிள்ளைக்கு ஒரு அறை, தாத்தாவுக்கு ஒரு அறை என்று தனித்தனியாக இருப்பதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். விளங்கிக்கொள்வதற்கான உருவகம் மட்டுமே இது.

கேள்வி மாறிப்போனதை எப்படிக் கண்டுபிடிப்பது? பிரான்ஸில் விம் டி நெய்ஸ் குழுவினர் 2013இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. ஒரே ஆட்களிடம் இரண்டு கேள்விகள் கொடுத்தார்கள். ஒன்று பொறி உள்ளது. மற்றதில் 'விட' இல்லை, நேரடியாகவே விலை சொல்லப்பட்டிருக்கும், ஆகவே சட்டென்று வரும் பதில்தான் அங்கே சரி. ஒவ்வொரு பதிலுக்கும் பிறகு "இது சரி என்று எவ்வளவு நிச்சயமாக இருக்கிறீர்கள்?" என்றும் கேட்டார்கள். பொறியில் விழுந்தவர்கள், பொறி இல்லாத கேள்வியில் காட்டிய அளவு நிச்சயத்தைப் பொறிக் கேள்வியில் காட்டவில்லை. வாசலில் நின்ற பிள்ளைக்கே எங்கேயோ உறுத்தியிருக்கிறது. ஆனால் அந்த உறுத்தல் தாத்தாவை எழுப்பும் அளவுக்குப் பலமாக இல்லை. ஃப்ரெடரிக்கின் ஆட்களிடம் "இதை எத்தனை பேர் சரியாகச் செய்வார்கள்?" என்று கேட்டபோது, தவறாகச் சொன்னவர்கள் நூற்றுக்கு 92 பேர் என்றார்கள், சரியாகச் சொன்னவர்கள் 62 பேர் என்றார்கள். விழுந்தவருக்குத்தான் குழி தெரிவதில்லை.

மாத்தளைக்கு இதில் தனியாக ஒரு சங்கடம் உண்டு. அக்கா மகளிடம் கேள்வி சிங்களத்தில் கேட்கப்பட்டது. அவள் சிங்களம் நன்றாகவே பேசுவாள். ஆனாலும் படித்த மொழி தமிழ். கணக்கு மனதில் ஓடுவதும் தமிழில். ஒரு மொழியில் கேட்டதை இன்னொன்றில் பிடித்து, எண்களைக் கையில் வைத்துக்கொள்ளும்போது முதலில் கீழே விழுவது 'விட' போன்ற சின்னச் சொற்கள்தான்.

அதோடு பதற்றம் வேறு. மனதில் தற்காலிகமாகத் தகவலை வைத்துக்கொண்டு வேலை செய்யும் இடத்தைச் 'செயல்நினைவு' என்பார்கள். தேத்தண்ணிக் கடையின் சின்ன மேசை மாதிரி அது. நாலு கோப்பை வைக்கலாம். "அம்மா என்ன சொல்வாங்க, இந்த சேர் ஏன் முறைக்கிறாரு" என்ற கவலைகள் இரண்டு கோப்பை இடத்தைப் பிடித்துக்கொண்டால் கணக்குக்கு மிச்சம் இரண்டுதான். சியன் பைலொக், தோமஸ் கார் என்ற உளவியலாளர்கள் 2005இல் இதைச் சோதித்தார்கள். அழுத்தம் இல்லாதபோது கடினமான கணக்குகளில் முன்னால் நின்றவர்கள் பெரிய செயல்நினைவு உடையவர்கள். அழுத்தம் கொடுத்ததும் அவர்கள்தான் சரிந்தார்கள், மற்றவர்களிடம் அவ்வளவு மாற்றமில்லை. நேர்முகப் பரீட்சை அறையில் புதிர் போடுபவர் தான் தேடுகிற ஆளையே தடுக்கி விழ வைக்கும் சாத்தியம் இருக்கிறது.

இனி கொஞ்சம் கனமான புதிர். ரத்தோட்டையிலிருந்து ரிவஸ்டன் மலைக்கு ஏறும் பாதை தெரிந்தவர்களுக்கு இது சுலபமாக விளங்கும். கணக்குக்காக 20 கிலோமீற்றர் என்று வைத்துக்கொள்வோம். வளைவுகளில் வான் திணறித் திணறி மணிக்கு 20 கிலோமீற்றர் வேகத்தில் ஏறுகிறது. போக வர மொத்தப் பயணத்தின் சராசரி வேகம் 40 ஆக வேண்டுமென்றால் என்ன வேகத்தில் இறங்க வேண்டும்?

வாசற்பிள்ளை உடனே "60" என்கிறது. இருபதும் அறுபதும் கூட்டி இரண்டால் வகுத்தால் நாற்பது.

வேகத்தைக் கொஞ்சம் மறந்துவிட்டு நேரத்தைக் காசு என்று நினையுங்கள். போக வர 40 கிலோமீற்றர். சராசரி 40 என்றால் முழுப் பயணத்துக்கும் கையில் உள்ள நேரம் ஒரே ஒரு மணித்தியாலம். ஆனால் மணிக்கு 20 வேகத்தில் 20 கிலோமீற்றர் ஏறியபோதே அந்த ஒரு மணித்தியாலமும் செலவாகிவிட்டது. உச்சியில் நிற்கிறீர்கள், பையில் ஒரு சதம் இல்லை. திரும்பி வர நேரமே கிடையாது. ஆகவே எந்த வேகத்தில் இறங்கினாலும் சராசரி 40 ஆகாது. அறுபதில் பறந்து வந்தால் இறக்கத்துக்கு 20 நிமிடம், மொத்தம் 80 நிமிடம், சராசரி வெறும் 30. (அந்த வளைவுகளில் அறுபதில் இறங்குபவர் சராசரியைப் பற்றிக் கவலைப்படும் நிலையில் இருக்கமாட்டார் என்பது வேறு கதை.) மெதுவாகப் போன பகுதியில் அதிக நேரம் கழிவதால் சராசரியை அது தன் பக்கம் இழுத்துவிடுகிறது. வேகங்களுக்குரிய இந்தச் சராசரியைக் கணிதத்தில் 'இசைச் சராசரி' என்கிறார்கள்.

இதே புதிரைப் பழைய கார் ஒன்றை வைத்து 1934இல் உளவியலாளர் மக்ஸ் வேர்தைமர் தன் நண்பருக்குக் கடிதத்தில் எழுதினார். நண்பரின் பெயர் அல்பேர்ட் ஐன்ஸ்டைன். கணக்குப் போட்டுப் பார்க்கும்வரை இறங்குவதற்கு நேரமே மிச்சமில்லை என்பதைத் தான் கவனிக்கவில்லை என்று அவர் பதில் எழுதினார். நேரத்தையும் வேகத்தையும் பற்றிய நம் எண்ணங்களையே புரட்டிப் போட்டவர் அவர். அவர் வாசலிலும் அந்தப் பிள்ளை விளையாடிக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

தம்புள்ளையும் நம் மாவட்டம்தான். அங்குள்ள பொருளாதார மத்திய நிலையத்தில் லொறி லொறியாகக் குவியும் தர்ப்பூசணியை வைத்து ஒன்று. 100 கிலோ பழம், அதில் 99 வீதம் நீர் என்று வைத்துக்கொள்வோம் (உண்மையில் அவ்வளவு இராது). வெயிலில் கிடந்து நீர் 98 வீதமாகக் குறைந்துவிட்டது. இப்போது எடை என்ன?

ஒரு வீதம்தானே குறைந்தது, 99 கிலோ என்று தோன்றும். விடை 50 கிலோ. நம்ப முடியாதவர்கள் ஒரு வகுப்பை நினைத்துப் பாருங்கள். நூறு பிள்ளைகள், ஒருவன் மட்டும் பையன். பெண் பிள்ளைகள் 99 வீதம். அதை 98 வீதமாக்க வேண்டும், பையனை அசைக்கக் கூடாது. ஒரு பெண் வெளியே போனால் போதுமா? 99 பேரில் 98 பெண்கள் என்றால் இன்னும் கிட்டத்தட்ட 99 வீதம்தான். அந்த ஒற்றைப் பையன் இரண்டு வீதமாகத் தெரிய வேண்டுமானால் வகுப்பில் ஐம்பது பேர்தான் இருக்க வேண்டும். ஐம்பது பெண்கள் வெளியேற வேண்டும். தர்ப்பூசணியில் பையன் யாரென்றால் நீரல்லாத அந்த ஒரு கிலோ சக்கை. அது அசையாது. வீதக் கணக்கில் முதலில் தேட வேண்டியது அசையாமல் இருப்பது எது என்பதைத்தான். இதைக் கடைசியில் மறுபடியும் எடுப்பேன்.

ஃப்ரெடரிக்கின் மூன்று கேள்விகளில் இன்னொன்று குளத்தில் பரவும் தாமரையிலை. ஒவ்வொரு நாளும் இரட்டிப்பாகி 48ஆம் நாள் குளம் முழுவதையும் மூடுகிறது, பாதிக் குளம் மூடியது எந்த நாள்? 24 அல்ல, 47. இதைப் பாடப்புத்தகத்தில் படிக்காமலே குளக்கரை விவசாயிகள் அனுபவித்திருக்கிறார்கள். சல்வீனியா என்ற நீர்க்களை 1939இல் கொழும்பில் தாவரவியல் பாடத்துக்காகக் கொண்டுவரப்பட்டு, அங்கிருந்து தப்பி நாட்டின் நீர்நிலைகளில் பரவியது. பாதிக் குளம் வெறுமையாகத் தெரியும்போது "இன்னும் இடம் இருக்கிறதே" என்று நினைத்தவர்களுக்கு அடுத்த இரட்டிப்பில் குளமே இல்லை. பல பத்தாண்டுகளுக்குப் பிறகு அதன் சொந்த ஊரான பிரேசிலைச் சேர்ந்த ஒரு சின்னஞ்சிறு கூன்வண்டை விட்டுத்தான் கட்டுப்படுத்தினார்கள்.

புதிர்கள் சுவையானவைதான். ஆனால் வேலைக்கு ஆள் எடுக்க இவை உதவுமா? கூகிள் நிறுவனம் ஒருகாலத்தில் இப்படிப்பட்ட கேள்விகளுக்குப் பேர்போனது. ஒரு விமானத்துக்குள் எத்தனை கோல்ஃப் பந்து அடைக்கலாம் என்றெல்லாம் கேட்பார்கள். 2013இல் அந்த நிறுவனத்தின் மனிதவளத் தலைவர் லாஸ்லோ பொக், அவை வெறும் நேர விரயம், எதையும் முன்கூட்டிச் சொல்லவில்லை, கேட்பவர்கள் தங்களைக் கெட்டிக்காரர்களாக உணர்வதற்குத்தான் உதவின என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். ஸ்கொட் ஹைஹவுஸ் குழுவினரின் ஆய்வு இன்னும் காரமானது. இத்தகைய கேள்விகளை விரும்பிக் கேட்பவர்களிடம் தற்பெருமையும், பிறர் திணறுவதை ரசிக்கும் குணமும் கொஞ்சம் தூக்கலாக இருந்தன. அக்கா மகளுக்கு இதைச் சொன்னபோது அவள் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

ஒரு கேள்வி நல்ல ஆளைப் பொறுக்குகிறதா என்பதை அறிவது நாற்றுமேடை வேலை மாதிரி. விதை போடும்போது 'இது நன்றாக வரும்' என்று குறித்து வைத்து, ஒரு வருடம் கழித்துச் செடியைப் பார்த்து ஒப்பிட வேண்டும். இதை 'எதிர்கூறும் வலு' என்று சொல்லலாம். ஆனால் இதிலும் ஒரு பொறி இருக்கிறது. நிராகரித்த விதைகளை நாம் நடுவதே இல்லை. தேயிலைத் தொழிற்சாலையில் சல்லடையைத் தாண்டி விழுந்த தூளை மட்டும் பார்த்துச் சல்லடை நல்லதா என்று தீர்ப்புச் சொல்வதைப் போன்றது அது. ஃபிராங்க் ஷ்மிட், ஜோன் ஹன்டர் இருவரும் 85 வருட ஆய்வுகளைத் தொகுத்து 1998இல் வெளியிட்ட கணிப்பை, பொல் சக்கெட் குழுவினர் 2022இல் இந்தச் சல்லடைப் பிரச்சினைக்காகவே திருத்திப் போட்டார்கள். திருத்திய பட்டியலில் முதலிடம், எல்லோரிடமும் ஒரே கேள்விகளை ஒரே புள்ளி முறையில் கேட்கும் ஒழுங்கான நேர்முகத்துக்கு. முழுப் பொருத்தத்தை 1 என்று வைத்தால் அதன் வலு 0.42. பொது அறிவாற்றல் சோதனை 0.51இலிருந்து 0.31க்கு இறங்கியது. முதலிடத்தில் இருப்பதே பாதியைத் தொடவில்லை என்பதைக் கவனியுங்கள்.

மதிப்பீட்டுப் புதிர்களை மட்டும் நான் முழுதாகக் கைவிட மாட்டேன். கோல்ஃப் பந்து வேண்டாம், மாத்தளை மாவட்டத்தில் எத்தனை தையல் மெஷின் இருக்கும் என்று கேட்கலாம். 2012 குடிசன மதிப்பீட்டில் மாவட்டத்தின் சனத்தொகை 484,531. வீட்டுக்கு நாலு பேர் என்றால் ஏறக்குறைய ஒரு லட்சத்து இருபதாயிரம் வீடு. பத்து வீட்டுக்கு ஒன்று என்றால் பன்னிரண்டாயிரம். பத்துக்கு ஒன்று என்பது என் ஊகம்தான். எந்த எண் கணக்கெடுத்தது, எந்த எண் ஊகம் என்று பிரித்துச் சொல்லத் தெரிந்தவர் நல்ல ஆள்.

இந்த வித்தை நமக்குப் புதிதல்ல. காரி நாயனார் இயற்றிய கணக்கதிகாரம் பலாப்பழத்தை வெட்டாமல் சுளை எண்ணும் வழி சொல்கிறது: காம்பைச் சுற்றியுள்ள சிறு முட்களை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகு. 75 முள் என்றால் 90 சுளை. இதில் எவ்வளவு உண்மை? பலாப்பழம் ஒரே பழம் அல்ல, நூற்றுக்கணக்கான பூக்கள் ஒட்டி உருவான கூட்டுக்கனி. ஒவ்வொரு முள்ளும் ஒரு பூவின் தலை. கருவுற்ற பூ சுளையாகிறது, மற்றவை சடையாகிவிடும். கருவுறுதல் மரத்துக்கு மரம் மாறும் என்பதால் ஒரே விதி எல்லாப் பழத்துக்கும் அச்சொட்டாகப் பொருந்தும் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் விமானத்துக்கும் இதற்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. விமானத்தில் பந்து அடைத்து யாரும் பார்க்கப் போவதில்லை. பலாப்பழத்தை, கையில் எண்ணெய் தடவிக்கொண்டு, அன்று மாலையே வெட்டி எண்ணிவிடலாம்.

நிதி நிறுவனத்திலிருந்து கடிதம் வரவில்லை. இரண்டு மாதம் கழித்து, மிளகு, சாதிக்காய், ஏலக்காய் வாங்கி அனுப்பும் ஒரு களஞ்சியத்தில் நேர்முகம். மேசைக்கு அந்தப் பக்கம் ஒரே ஒருவர், நடுத்தர வயது. ஒரு தாளையும் கல்குலேட்டரையும் தள்ளி வைத்து, கேள்வியை வாசித்துக் காட்டிவிட்டு, "பத்து நிமிசம் எடுத்துக்குங்க, ஆறுதலா செய்ங்க" என்று சொல்லி போன் பேச வெளியே போய்விட்டாராம். களஞ்சியத்துக்கு வந்த மிளகு 1,000 கிலோ, ஈரம் 14 வீதம். 12 வீதம் ஆகும்வரை காயப்போட வேண்டும். சாக்கில் கட்டும்போது எத்தனை கிலோ இருக்கும்?

அசையாமல் இருப்பது 860 கிலோ. காய்ந்த பிறகு அந்த 860 கிலோ, மொத்தத்தில் 88 வீதமாக இருக்க வேண்டும். ஆகவே 977 கிலோவும் சொச்சமும்.

அவள் தாளில் முதலில் 980 என்று எழுதி, குறுக்கே ஒரு கோடு போட்டு, கீழே 977.3 என்று எழுதியிருந்தாள். அவர் திரும்பி வந்து கண்ணாடியை மூக்கில் இறக்கிப் பார்த்தாராம். சரியான விடையை அவர் தொடவே இல்லை. வெட்டியிருந்த 980இல் விரலை வைத்து, "இத ஏம்மா வெட்டினீங்க?" என்று கேட்டாராம்.